டவுன்லோடாக வாங்கிய கேமை நண்பனின் டிஸ்க்கிலிருந்து ஏற்ற முடியுமா?

ஆன்லைன் கடையில் ஆஃபர் போட்டிருந்தார்கள், ஒரு கேமை வாங்கிவிட்டீர்கள். பணம் போயாச்சு, உங்கள் அக்கவுண்டில் கேமின் பெயரும் ஏறியாச்சு. 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தினால் 90 ஜிபி என்று காட்டுகிறது. உங்கள் வீட்டு நெட்டோ மாதம் இருபது தேதி தாண்டினால் மூச்சு வாங்குகிற ரகம். இதே கேம் டிஸ்க்காகப் பக்கத்துத் தெரு நண்பன் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அதை வாங்கிவந்து நம் மெஷினில் போட்டு ஏற்றிக்கொண்டு, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாம் காசு கொடுத்து வாங்கியதை வைத்தே விளையாட முடியுமா?

எக்ஸ்பாக்ஸ் (மைக்ரோசாஃப்ட்டின் கேம் மெஷின், அதாவது கன்சோல்) என்றால் பெரும்பாலும் முடியும். கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் கையை அழுக்காக்கிக்கொண்டால் முடியும். பிளேஸ்டேஷன் (சோனியின் கன்சோல்) என்றால் முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். ஒரே டிஸ்க் ஒரு மெஷினில் வேலை செய்து இன்னொன்றில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

அட்டையும் அரிசியும்

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை உங்கள் பெயரில் இருக்கிறது, அரிசி மூட்டையில் இருக்கிறது. அட்டை இல்லாமல் மூட்டைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு பிடி அரிசி கிடைக்காது. அட்டை இருந்துவிட்டால் எந்த மூட்டையை அவிழ்த்து அளந்து போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேமிலும் இந்த இரண்டுதான் இருக்கின்றன. படம், சத்தம், நிரல் எல்லாம் சேர்ந்த பெரிய பெரிய ஃபைல்கள்தான் அரிசி. 'இந்த அக்கவுண்ட்காரர் இந்த கேமை விளையாடலாம்' என்று கடையின் சர்வரில் பதிவாகியிருக்கும் அனுமதி, அதாவது லைசென்ஸ், அதுதான் அட்டை.

டவுன்லோடாக வாங்கும்போது நாம் காசு கொடுப்பது அட்டைக்கு. 90 ஜிபி ஃபைல் எல்லாருக்கும் ஒன்றேதான், உங்களுக்கென்று தனியாக யாரும் சமைத்துத் தருவதில்லை. 'வாங்கு' என்று பட்டனில் எழுதியிருந்தாலும் கிடைப்பது வெறும் அனுமதிதான் என்பதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டிருக்கிறது, 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நினைத்து வருத்தப்படுகிறவர்கள் படட்டும். நம் வேலைக்கு அது நல்ல செய்திதான், ஏனென்றால் அட்டை தனி, அரிசி தனி என்றால் அரிசியை வேறு மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

கடையில் வாங்கும் டிஸ்க்கில் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தைத்துவிட்டார்கள். டிஸ்க்கில் ஃபைலும் இருக்கிறது, அந்த டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதே 'இவரிடம் அனுமதி இருக்கிறது' என்பதற்குச் சாட்சியாகவும் இருக்கிறது. அதனால்தான் முழு கேமும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போன பிறகும் விளையாட ஆரம்பிக்கும்போது 'டிஸ்க்கைப் போடு' என்று மெஷின் கேட்கிறது. அதற்கு டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் வேண்டாம், சாட்சி வேண்டும்.

இது எப்போதுமே இப்படி இருக்கவில்லை. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் கேம் நேராக டிஸ்க்கிலிருந்தே ஓடும், ஏற்றுவது என்ற பேச்சே கிடையாது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2008 நவம்பரில் வந்த அப்டேட் வழியாகத்தான் கேமை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளும் வசதி வந்தது, அப்போதும் டிஸ்க் உள்ளே இருந்தாக வேண்டும். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்தபோது கேம்கள் ரொம்பப் பெரிதாகிவிட்டன, ப்ளூ-ரே டிரைவ் படிக்கும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, ஆகவே எல்லா கேமும் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. டிஸ்க் ஃபைலைச் சுமந்துவரும் வண்டியாகவும் சாவியாகவும் மட்டும் மாறியது அந்த நாளிலிருந்துதான்.

இதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கடைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், டிஸ்க்கை ஒருமுறை போட்டு ஏற்றினால் போதும், அனுமதி அக்கவுண்டில் சேர்ந்துவிடும், பிறகு டிஸ்க்கே தேவையில்லை, ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் நெட்டில் போய்த் தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய டிஸ்க்கை விற்கவும் இரவல் கொடுக்கவும் நிறையக் கட்டுப்பாடு. ஜனங்கள் கொந்தளித்துவிட்டார்கள், 2013 ஜூன் 19 அன்று திட்டத்தையே வாபஸ் வாங்கினார்கள், டிஸ்க் மறுபடி சாவியானது. திட்டம் போனாலும் அதற்காகப் போட்ட அடித்தளம் அப்படியே தங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஃபைல் எங்கிருந்து வந்தது என்பதை எக்ஸ்பாக்ஸ் பொருட்படுத்துவதே இல்லை. விளையாட ஆரம்பிக்கும்போது சாவியாக ஒரு டிஸ்க் இருக்கிறதா, இல்லையென்றால் அக்கவுண்டில் லைசென்ஸ் இருக்கிறதா, இந்த இரண்டில் ஏதாவது ஒன்று கிடைத்தால் கதவைத் திறந்துவிடுகிறது.

இவ்வளவு மெனக்கெடல் தேவையா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கேமின் அளவை பைட்டில் சொல்வார்கள், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 50 ஜிபி கேம் என்றால் சுமார் 4 லட்சம் மெகாபிட். 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனில் இது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. 8 எம்பிபிஎஸ் என்றால் 14 மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பாதிதான் வந்திருக்கும். லிமிட் முடிந்து 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டார்கள் என்றால் 9 நாள். ஒன்பது நாள் மெஷினை ஓடவிட்டு, நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் பக்கம் பார்ப்போம். ப்ளூ-ரேயின் அடிப்படை வேகம் நொடிக்கு 4.5 எம்பி. பிளேஸ்டேஷன் 4-இன் டிரைவ் அதிகபட்சம் அதைப் போல 6 மடங்கு, அதாவது நொடிக்கு 27 எம்பி. இரண்டு அடுக்கு ப்ளூ-ரே டிஸ்க் ஒன்றின் முழுக் கொள்ளளவு 50 ஜிபி. அதை அந்த வேகத்தில் படித்தால் அரை மணி நேரம். ஆனால் டிஸ்க்கின் உள்வட்டத்தில் இருப்பதை மெதுவாகத்தான் படிக்க முடியும் என்பதால் முக்கால் மணி, ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்து டேட்டாவுக்கும் பஞ்சமில்லை என்றால் டிஸ்க்கைத் தேடி அலைவது வெட்டி வேலை. நெட் மெதுவானவர்களுக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கும், ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும்தான் இந்த வித்தை.

எக்ஸ்பாக்ஸில் செய்யும் விதம்

நான் இதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். வருடக் கடைசி ஆஃபரில் ஒரு கார் ரேஸ் கேம் வாங்கினேன், வாங்கின கையோடு ஆசையில் 'இன்ஸ்டால்' அழுத்திவிட்டு, அது ஊர்வதைப் பார்த்த பிறகுதான் தாம்பரத்தில் இருக்கும் நண்பனிடம் டிஸ்க் இருப்பது ஞாபகம் வந்தது. "எடுத்துட்டுப் போ மச்சி, கீறல் மட்டும் விழுந்துச்சு, மவனே செத்த" என்று கொடுத்தனுப்பினான். வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் போட்டேன், உள்ளே இழுத்துக்கொண்டது, கொஞ்ச நேரம் உறுமியது, திரையில் சதவீதமும் ஏறிக்கொண்டிருந்தது. ஆஹா, டிஸ்க்கிலிருந்து ஏறுகிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் போனில் மெசேஜ் வந்திருந்தது, இந்த மாத அதிவேக டேட்டா தீர்ந்தது என்று. ஏற்கெனவே நான் ஆரம்பித்து வைத்திருந்த டவுன்லோடுதான் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. டிஸ்க் சும்மா உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஆகவே முதல் வேலை, 'மை கேம்ஸ் அண்ட் ஆப்ஸ்' பக்கத்தில் வரிசையில் நிற்கும் அந்த டவுன்லோடை ரத்து செய்வது. நிறுத்திவைப்பது போதாது, முழுசாக ரத்து. அடுத்து மெஷினை நெட்டிலிருந்து பிரிக்க வேண்டும். செட்டிங்ஸில் ஜெனரல், அதில் நெட்வொர்க் செட்டிங்ஸ், அங்கே 'கோ ஆஃப்லைன்' என்று ஒரு பட்டன் இருக்கும். வயர் போட்டிருந்தால் வயரைப் பிடுங்கினாலும் அதே பலன்தான். இப்போது டிஸ்க்கைப் போட்டால் மெஷினுக்கு வேறு வழியே இல்லை, டிஸ்க்கில் இருப்பதை மட்டும்தான் எடுத்தாக வேண்டும். நெட்டை விட்டுவைத்தால் இடையிலேயே புது அப்டேட்டையும் இழுக்க ஆரம்பித்துவிடும், சில சமயம் இரண்டும் சிக்கிக்கொண்டு 'இன்ஸ்டலேஷன் ஸ்டாப்டு' என்று பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கமே சொல்லும் யோசனைகளில் ஒன்று இந்த ஆஃப்லைன் வழிதான்.

நூறு சதவீதம் ஆனதும் டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். நெட்டை மறுபடி இணையுங்கள், கேம் வாங்கிய அக்கவுண்டில் உள்ளே போங்கள். அப்டேட் இருந்தால் கேட்கும், அது டிஸ்க்கில் இல்லாததும் மாறியதும் மட்டும்தான். பிறகு கேமைத் திறந்தால் மெஷின் டிஸ்க்கைத் தேடும், கிடைக்காது, அக்கவுண்டைக் கேட்கும், அங்கே லைசென்ஸ் இருக்கும், கேம் திறந்துகொள்ளும். வேறு எந்தப் பூசையும் கிடையாது. அந்த மெஷினை உங்கள் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' என்று பதிந்து வைத்திருந்தால் அப்புறம் நெட் இல்லாமலும் ஓடும், வீட்டில் தம்பி அவன் அக்கவுண்டில் விளையாடினாலும் ஓடும்.

'இந்த கேம் உங்களுடையதா?' என்று மெஷின் கேட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வேறு அக்கவுண்டில் நுழைந்திருப்பீர்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதும் நீங்கள் வாங்கியதும் கடைக் கணக்கில் வேறு வேறு சரக்காக இருக்கும். அட்டைப்படத்தில் ஒரே பெயர் இருந்தாலும் எல்லாம் சேர்ந்த சிறப்புப் பதிப்பு, பழைய தலைமுறைப் பதிப்பு, புதுப்பித்த பதிப்பு என்று தனித்தனி எண் கொடுத்திருப்பார்கள். பொன்னி அட்டையைக் காட்டி பாசுமதி கேட்கிற கதைதான். டிஸ்க் எந்த ஊரில் வாங்கியது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது.

இதே தந்திரம் கேம் பாஸ் சந்தாவுக்கும் பொருந்தும். 2017-இல் வந்த அந்தச் சந்தாவில் மாதக் காசு கட்டுகிறவரை அட்டை உங்களிடம் இருப்பதாகக் கணக்கு, அரிசியை டிஸ்க்கிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். சந்தா முடிந்தால் ஃபைல் மெஷினிலேயே கிடக்கும், ஆனால் திறக்காது. அன்றைக்கு யாரிடமாவது டிஸ்க் வாங்கிப் போட்டால் அதே ஃபைல் திறக்கும். அட்டையும் அரிசியும் எவ்வளவு தனித்தனி என்று இதில் பார்க்கலாம்.

டிஸ்க் டிரைவே இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? டிஸ்க்கை விட்டுவிடுங்கள், நண்பனின் மெஷினில் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி கேமை அதில் காப்பி செய்து கொண்டுவரலாம். எக்ஸ்பாக்ஸுக்காக ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு எக்ஸ்பாக்ஸ் அப்படியே படிக்கும். ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இரண்டு மெஷின் இருந்தால் வயர் வழியாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்பலாம். உண்மையைச் சொன்னால் டிஸ்க்கை விட இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் நண்பனிடம் இருப்பது அப்டேட் எல்லாம் ஆன புது நகல்.

டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் பழையது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபாக்டரியில் அச்சடித்த அன்று கேம் எப்படி இருந்ததோ அதுதான் அதில் இருக்கும். 2014 நவம்பரில் வந்த ஹேலோ மாஸ்டர் சீஃப் தொகுப்பில் டிஸ்க்கில் 45 ஜிபி, வெளியான அன்றைக்கே 20 ஜிபி அப்டேட். அதே கேமை 2018 ஆகஸ்டில் பெரிய அளவில் மாற்றி அமைத்தார்கள், இன்றைக்கு அந்தப் பழைய டிஸ்க்கைப் போட்டு ஏற்றி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் மிச்சம் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். 2015-இல் வந்த டோனி ஹாக் ப்ரோ ஸ்கேட்டர் 5 இன்னும் மோசம், டிஸ்க்கில் 4.6 ஜிபி, முதல் நாள் அப்டேட் 7.7 ஜிபி. அப்டேட் இல்லாமல் போட்டால் பயிற்சிப் பகுதியும் பூங்கா கட்டும் பகுதியும்தான் இருக்கும். அரிசி வாங்கப் போனவனுக்கு உமி கொடுத்த மாதிரி. 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் சுமார் 70 எம்பிதான் இருந்தது, அது வெறும் சாவி. இரவல் கேட்பதற்கு முன் நெட்டில் தேடி டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் கதை சொல்லி முடிந்துவிடும் தனி ஆள் கேம்களின் டிஸ்க் நல்ல பயன், வருடம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் ஆன்லைன் கேம்களின் டிஸ்க் வேஸ்ட்.

எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைப் புது எக்ஸ்பாக்ஸில் போட்டு ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். போடலாம், ஓடும், ஆனால் டிஸ்க்கிலிருந்து ஒரு எழுத்தைக் கூட அது எடுக்காது. 2015-இல் வந்த அந்தப் பழைய கேம் வசதிக்காக மைக்ரோசாஃப்ட் கேமைப் புதிதாக மூட்டை கட்டி வைத்திருக்கிறது, டிஸ்க்கைச் சாட்சிக்கு மட்டும் பார்த்துவிட்டு முழுதையும் நெட்டிலிருந்துதான் இறக்கும்.

கம்ப்யூட்டரில்

கம்ப்யூட்டர் உலகில் அட்டையும் அரிசியும் பிரிந்தது கன்சோலுக்கு ரொம்ப முன்னாலேயே. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது கடையில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அக்கவுண்ட் திறந்து பதிந்தால்தான் விளையாட முடியும் என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நிறையத் திட்டு வாங்கினார்கள். இன்றைக்கு அதுதான் வழக்கம். பெட்டிக்குள் இருக்கும் நீளமான எண்தான் அட்டை, ஒருமுறை ஒரு அக்கவுண்டில் ஏற்றிவிட்டால் செல்லாக்காசு. டிஸ்க் மட்டும் யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பழைய புத்தகக் கடையிலோ ரிச்சி தெருவிலோ எண் பயன்படுத்திய பெட்டி ஒன்று சல்லிசாகக் கிடைத்தால், அதை நம்பி கேம் வாங்கிவிட்டதாக நினைக்காதீர்கள், கிடைப்பது மூட்டை மட்டும். ஏற்கெனவே ஸ்டீமில் அந்த கேம் உங்களுக்கு இருந்தால் அந்த மூட்டை பிரயோஜனம். டிஸ்க்கைப் போட்டதும் தானாகத் திறக்கும் இன்ஸ்டாலர் எண்ணைக் கேட்டால் விட்டுவிடுங்கள். ஸ்டீமை முழுசாக மூடுங்கள், கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் ஸ்டீம் நிரல் இருக்கும் இடத்தை மேற்கோள் குறிக்குள் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, சின்னக் கோடு போட்டு அதை ஒட்டி இன்ஸ்டால் என்ற ஆங்கிலச் சொல், மறுபடி இடைவெளி, டிஸ்க் டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும். ஓகே கொடுத்தால் ஸ்டீம் டிஸ்க்கிலிருந்து ஏற்றப் பார்க்கும். நெட்டிலிருந்து இறக்கத் தொடங்கிவிடும் டிஸ்க்குகளுக்கு ஸ்டீம் சொல்லித் தந்த வழி இது. 2013 வாக்கில் ஸ்டீம் தன் ஃபைல் முறையையே மாற்றிவிட்டது, அதற்கு முந்தைய டிஸ்க்குகளிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இதைவிட எளிதானது நண்பனின் கம்ப்யூட்டரில் ஸ்டீம் ஃபோல்டருக்குள், 'ஸ்டீம்ஆப்ஸ்', அதற்குள் 'காமன்' என்ற இடத்தில் இருக்கும் கேம் ஃபோல்டரைப் பென் டிரைவில் தூக்கிவந்து நம்முடையதில் அதே இடத்தில் போடுவது. பிறகு ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது முதலில் இருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும், சரியாக இருப்பதை வைத்துக்கொள்ளும், குறைவதை மட்டும் இறக்கும். 2023 பிப்ரவரி முதல் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு இடையில் ஸ்டீமே கேமைக் காப்பி செய்துகொள்கிறது, பென் டிரைவ் கூட வேண்டாம்.

கம்ப்யூட்டர் டிஸ்க்கின் கடைசிக் காலம் விசித்திரமானது. 2015-இல் வந்த ஜிடிஏ 5 ஏழு டிவிடிகளாக வந்தது. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை ஐரோப்பாவில் ஏரோசாஃப்ட் என்ற நிறுவனம் பத்து இரட்டை அடுக்கு டிவிடிகளாக விற்றது, பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக 2015-இன் மெட்டல் கியர் சாலிட் 5 கம்ப்யூட்டர் பெட்டியில் டிஸ்க் இருந்தது, டிஸ்க்கில் ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும் இருந்தது, பத்து எம்பிக்கும் குறைவு. காசு கொடுத்து வாங்கியவன் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

பிளேஸ்டேஷனும் மற்றதும்

பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் பை தைத்தது தைத்ததுதான், பிரிக்க முடியாது. டிஸ்க்கிலிருந்து ஏறிய நகலை அது டிஸ்க் நகல் என்றே நினைவில் வைத்திருக்கும். அதே கேமை நீங்கள் கடையில் வாங்கியிருந்தாலும் அந்த நகலைத் திறக்க டிஸ்க்கைத்தான் கேட்கும். வாங்கியதை விளையாட வேண்டுமென்றால் டிஸ்க் நகலை அழித்துவிட்டு முழுதையும் நெட்டிலிருந்து இறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தாவில் கிடைக்கும் கேமுக்கும் இதே கதை. நீங்கள் விளையாடி விட்ட இடத்தைப் பதிந்து வைத்திருக்கும் சேவ் ஃபைல் ஒன்று இருந்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் அழியுங்கள்.

அது ஏன் இப்படி என்று கோபப்படுகிறவர்களுக்கு என் பக்கத்து நியாயம் எதுவும் இல்லை, எனக்கும் கோபம்தான். அங்கே மிச்சம் பிடிக்க இருக்கும் வழி, பழைய பிஎஸ்4-இலிருந்து புது மெஷினுக்கு வயர் வழியாக மாற்றிக்கொள்வதும், ஒருமுறை இறக்கியதை அழிக்காமல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகர்த்தி வைத்துக்கொள்வதும்தான். பிஎஸ்4 கேம்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும் வசதி 2017 மார்ச் அப்டேட்டில் வந்தது, பிஎஸ்5-உம் அந்த கேம்களை அதிலிருந்தே ஓட்டும்.

நின்டென்டோ ஸ்விட்சில் இந்தக் கேள்வியே எழாது, டிஸ்க்குக்குப் பதிலாக அதில் சொருகும் சின்ன கேம் கார்டிலிருந்து கேம் நேராக ஓடும், மெஷினுக்குள் ஏறுவதே இல்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் 'கேம் கீ கார்டு' என்று ஒன்று விற்கிறார்கள், அதில் கேமே கிடையாது, மெஷினில் சொருகினால் நெட்டிலிருந்து இறக்க அனுமதி கொடுக்கும், விளையாடும்போதும் சொருகியே இருக்க வேண்டும். நாம் தேடுவதற்கு நேர் தலைகீழ், கையில் அட்டை இருக்கிறது, அரிசிக்கு மறுபடி நெட் வாசலில்தான் நிற்க வேண்டும்.

கடைசியாக எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு ஒன்று. ஏற்றி முடித்தவுடன் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அப்டேட்டும் முடிந்த பிறகு, கேமை ஒருமுறை திறந்து மெனுவைத் தாண்டி உள்ளே போய் ஐந்து நிமிஷம் விளையாடிப் பாருங்கள். பதிப்பு மாறியிருந்தால் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும், மறுபடி தாம்பரம் வரைக்கும் போய்வர வேண்டியிருக்காது. கொடுப்பதற்கு முன் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பழைய கீறலா புதுக் கீறலா என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அவன் கண்டிப்பாகப் பார்ப்பான்.